கழுத்தில் கேட்ட சத்தம்

பேச்சாளருக்குச் ‘சிறந்த கணவர்’ விருதாகக் கொடுத்த கண்ணாடிக் கேடயம் மேடையிலேயே கைநழுவி நொறுங்கி, ஒரு சில்லு அவர் கழுத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். குடும்ப ஒற்றுமை பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் மட்டும் நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பையைத் தூக்கிவர மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்தார்.

“கழுத்துல ‘உஸ் உஸ்’னு ஒரு சத்தம் வருது, டாக்டர்.”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அன்னிக்கே பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. இப்ப வீங்கி நிக்குது. விட்டிருந்தா வெடிச்சிருக்கும், இல்ல பக்கவாதம் வந்திருக்கும். உடனே ஆபரேஷன் பண்ணணும். சத்தம் உங்களுக்கே கேட்டுதா?”

“எனக்குக் கேக்கல.”

“அப்ப கழுத்துல காதை வச்சுப் படுத்தவங்களுக்குத்தான் கேட்டிருக்கும். அம்மா, இவர் உயிரைக் காப்பாத்தினது நீங்கதான்.”

பேச்சாளர் அவசரமாகச் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டார்.

“நான் இல்லீங்க,” என்றாள் மனைவி. “காயம் ஆறட்டும்னு அன்னிக்கிலேருந்து என்னை ஹால்லதான் படுக்கச் சொல்லியிருக்கார்.”

பையை அவர் மடியில் வைத்தாள்.

“நல்லபடியா காப்பாத்துங்க, டாக்டர். அந்தக் காது யாரோடதுன்னு இவர் வாயால கேக்கணும்.”