குழல் சொன்ன சம்மதம்

"அப்பாகிட்டயே கேட்டுடலாம்மா" என்று மகன் தலைப்பட்டையை எடுத்து அவர் நெற்றியில் மாட்டினான்.

"வாய் இருந்தப்பவே உங்கப்பா நேரா பதில் சொன்னதில்லை" என்றேன்.

தியானம் பழக அவர் ஆசையாக வாங்கிய கருவி. மூளை அலைகளை அளந்து, மனம் அமைதியானால் புல்லாங்குழல் இசைக்கும், கலங்கினால் நின்றுவிடும். பக்கவாதத்தில் பேச்சு போனபின் அவருக்கு அதுதான் பேச்சு.

"அப்பா, உங்களைத் தூக்கித் திருப்ப அம்மாவால முடியல. பராமரிப்பு இல்லத்துல சேர்க்கலாமா?"

சத்தமே இல்லை.

"நீ கேளும்மா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, போறீங்களா? இஷ்டமில்லன்னா வேண்டாம்."

குழல் இனிமையாக எழுந்தது.

"பார்த்தியா, சம்மதம்தான்!"

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, கொஞ்சமும் தயங்கவில்லையே மனுஷன்! அந்தக் கோபத்தில், இல்லத்தில் சேர்த்தபின் ஒரு வாரம் போய்ப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்தேன். குழல் ஒலித்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னம்மா பண்ணினீங்க? தினமும் மாட்டிவிடறோம், ஒருநாள்கூட இது பாடல. ரிப்பேர்னுல்ல நினைச்சோம்!"

மெல்லக் கையை விலக்கினேன். குழல் நின்றது. மறுபடி பிடித்தேன். எழுந்தது.

"பார்வையாளர் நேரம் முடிஞ்சுதும்மா, கிளம்புங்க" என்றாள் நர்ஸ்.