ரஸ்முஸ் கேட்ட முன்குறி

ரஸ்முஸ் துப்பாக்கியை என் வேலை மேசைமேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்குறியை மாற்ற வேண்டுமாம். குழலின் முனையில் நிற்கும் அந்தச் சின்னக் கறுப்புத் தகடு காட்டு இருட்டில் கரைந்துபோகிறதாம். பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றான்.

நூறு கிலோமீட்டர் சுற்றளவில் துப்பாக்கி வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். இல்லையென்றால் அவன் என் வாசலை மிதித்திருக்க மாட்டான்.

போன செப்டம்பரில் என் நாயைச் சுட்டவன் அவன்.

தூவாவுக்கு ஆறு வயது. மூஸ் மானைத் தேடிப் பிடித்து, நாங்கள் வந்து சேரும்வரை நகரவிடாமல் குரைத்து நிறுத்திவைக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு மூஸை நிறுத்திவைத்திருந்தது. ரஸ்முஸ் மூஸைக் குறிபார்த்தான். நடுவே மேட்டில் நின்ற தூவாவின் மேல் குண்டு பாய்ந்தது.

தூவா ஆரஞ்சு நிற மேலங்கி போட்டிருந்தது. எந்தப் புதருக்குள் நின்றாலும் கண்ணில் அடிக்கட்டும் என்றுதான் வேட்டை நாய்களுக்கு அதை மாட்டிவிடுகிறோம்.

ஆரஞ்சு எதையும் தான் பார்க்கவே இல்லை என்றான் ரஸ்முஸ். எங்கள் வேட்டைக் குழுவில் அவனைத் தவிர பதினொரு பேர். ஒருவரும் நம்பவில்லை.

குழுத் தலைவர் ஸ்டூரே தன் வீட்டுச் சமையலறையில் அவனை உட்காரவைத்தார். காப்பி ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறியது. உண்மையைச் சொல்லிவிடு, மனசு லேசாகும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான்.

கடைசியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு, பார்த்தேன், பார்த்தும் அவசரத்தில் சுட்டுவிட்டேன் என்றான்.

குழுவிலிருந்து நீக்கினோம். இந்த வருஷம் அப்பாவின் நிலத்தில் தனியாக வேட்டையாடப் போகிறானாம். சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தது.

வேலை என்று வந்தபின் வேலை. மூன்று முன்குறிகளை எடுத்துத் துணியின் மேல் வைத்தேன். ஒன்றில் பித்தளைக் குமிழ். ஒன்றில் வெள்ளைக் குமிழ். மூன்றாவதில் வெளிச்சத்தை வாங்கி முனையில் சுடர்விடுகிற சிவப்பு இழை. காட்டு வேட்டைக்கு எல்லோரும் கேட்டு வாங்கிப் போவது சிவப்பைத்தான்.

சிவப்பைப் பொருத்தினேன். பின் ஜன்னலைத் திறந்து, எதிரே இருக்கிற ஸ்ப்ரூஸ் மரங்களைக் குறிபார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தான். ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தான்.

“இது பழசைவிட மோசமா இருக்கே. முனையில எதுவுமே தெரியல” என்றான்.

என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். துப்பாக்கியை வாங்கி நானே பார்த்தேன். கரும்பச்சைக் கிளைகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளி அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

வாய்க்கு வந்ததைச் சொல்லத்தான் திரும்பினேன். அவன் நின்ற நிலை என்னைத் தடுத்தது. புது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எதையோ உடைத்துவிட்டவன்போல நின்றுகொண்டிருந்தான்.

வெள்ளைக் குமிழை மாட்டிக் கொடுத்தேன். இது நன்றாகத் தெரிகிறது என்றான். அவன் முகத்தில் நிம்மதி வந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மரங்களின் அடியில், லிங்கன் என்கிற காட்டுப் பழச் செடிகள் படர்ந்து கிடந்தன. அந்த வருஷம் நல்ல விளைச்சல். பழுத்துத் தரையே சிவந்து கிடந்தது. எனக்குப் பறிக்க நேரமில்லை.

திருகாணியை முடுக்கிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்பதுபோல, அங்கே லிங்கன் பழுத்துவிட்டதா பார் என்று கேட்டேன்.

அவன் ஜன்னலில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். இந்த வருஷம் இங்கே காய்க்கவே இல்லை போலிருக்கிறதே என்றான்.

திருப்புளி என் கையிலேயே நின்றது.

அவனோ சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனான். சின்ன வயதில் பழம் பறிக்கப் போனால் தங்கைகள் வாளி நிறையக் கொண்டுவருவார்களாம். இவன் வாளியில் அடி மறைந்திருக்காதாம். சோம்பேறி என்று அம்மா திட்டுவாளாம். கையால் தடவித் தடவித்தானே எல்லோரும் பறிக்கிறார்கள், எனக்கு மட்டும் அந்த வேகம் வரவில்லை என்று சிரித்தான்.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவனையும் உட்காரச் சொன்னேன்.

“பச்சைக்கு நடுவுல உன் கண்ணுக்குச் சிவப்பு எடுக்கல, ரஸ்முஸ். ஆரஞ்சும் எடுத்திருக்காது.”

அவனுக்குப் புரியவில்லை. ஜன்னலைக் காட்டினேன். அந்தத் தரை முழுக்கப் பழம் என்றேன். எழுந்து வெளியே போனான். செடிகளுக்கு நடுவே மண்டியிட்டுக் கையால் தடவினான். கை நிறையப் பழத்தோடு அங்கேயே வெகுநேரம் இருந்தான்.

திரும்பி வந்தால் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். பதினொரு பேரில் ஒருவருக்காவது இப்படி ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியிருக்கலாம். எங்களுக்கு அவன் வாயிலிருந்து பார்த்தேன் என்ற ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

அவன் உள்ளே வந்து பழங்களை மேசையில் கொட்டினான். இந்த ஒரு வருஷமாகக் கண்ணை மூடினால் அந்த ஆரஞ்சு மேலங்கிதான் தெரிகிறது என்றான். அது அங்கே நின்றதும், தான் அதைப் பார்த்ததும், பார்த்துக்கொண்டே விசையை அழுத்தியதும், எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறதாம்.

பிறகு, ஒரு வருஷத்தில் முதல்முறையாக, என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“அப்போ நான் முதல்ல சொன்னது பொய் இல்லையா, குனில்லா?”