வண்டி நின்ற விதம்

வண்டி நின்றது.

நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோளாறு என்றால் வண்டி உதறும். எங்கேயாவது டப்பென்று சத்தம் வரும். இது அப்படியில்லை. மெல்ல இருமியது. இன்னொரு முறை இருமியது. ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி ஓரமாக ஒதுங்கி, சொல்லிவைத்தது போல அடங்கிவிட்டது.

அவர் இறங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

நின்ற வண்டியைத் திட்டாமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

காலையில் அருப்புக்கோட்டையில் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்தவள். இடுப்பு மரத்திருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியாயிற்று. இன்னும் அரைமணி நேரம் ஓட்டினால் தேனி. மகள் வீடு. இன்னும் கண்ணால் பார்க்காத பேரன்.

தமயந்தி அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவர் மகள் முகத்தில் விழிக்கவில்லை. மருமகன் பெயரை வாயால் சொன்னதில்லை. 'அந்தப் பய' என்பார், அதோடு சரி.

போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம போயிட்டு வருவமா?" என்றார்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவார்.

"பஸ்ஸுல போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

"பஸ்ஸு எதுக்கு? வண்டின்னா நம்ம இஷ்டம்."

நம் இஷ்டம் என்றால், பாதியில் திரும்புவதும்தான்.

முன்பு ஒருமுறை அதுதான் நடந்தது. உசிலம்பட்டி வரைக்கும் வந்துவிட்டு, செயின் போச்சு என்றார். போன செயினிலேயே வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னவாம்?"

"சூடு. ஆறட்டும்."

எதிர்ப்பக்கம் வேப்பமர நிழல் காலியாகக் கிடந்தது. வண்டி வெயிலில் நின்றது.

வாழைத்தார் கட்டிய மொபெட்டில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

"என்னண்ணே, பெட்ரோல் தீந்துருச்சா?"

"அதெல்லாம் இருக்கு. இஞ்சின் சூடு. ஆறப் போட்டிருக்கேன்."

அந்த ஆள் வெயிலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அடுப்புலயே வச்சு ஆத்துறீங்களாக்கும். தள்ளுங்க, நான் ஒரு மிதி மிதிச்சுப் பாக்குறேன்."

"வேணாம் வேணாம். நீங்க கெளம்புங்க."

கிக்கரில் கால் வைக்க விடவில்லை.

மொபெட் போனது. அவள் போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா வர்றீங்க?"

"கணவாய் தாண்டிட்டோம். வண்டி நின்னுபோச்சுடி."

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது.

"நின்னுபோச்சா, நிப்பாட்டிட்டாரா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தூரத்துக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருவோம்டி" என்றாள். அவளுக்கே நம்பிக்கையில்லை.

போனை அவள் மடியில் செருகியபோது, இதோ வருகிறேன் என்பது போலக் கையைக் காட்டிவிட்டு அவர் பாலத்துக்குக் கீழே சரிவில் இறங்கினார்.

அவள் குனிந்தாள். வண்டியைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்தவள். டாங்கிக்கு அடியில் பெட்ரோல் டேப் இருக்கும். எப்போதும் கீழே பார்த்து நிற்கும்.

இப்போது குறுக்கே நின்றது.

மூடியிருந்தது.

கணவாய் இறக்கத்தில் அவருடைய இடது கை முழங்காலுக்குக் கீழே போய்வந்தது நினைவுக்கு வந்தது. அரிக்கிறதாக்கும் என்று நினைத்தாள்.

இன்றைக்கு விடுவதில்லை. பேரனைப் பார்க்காமல் திரும்புவதென்றால் அவர் தனியாகத் திரும்பட்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். பேசிக்கொண்டிருந்தார்.

ஊரில் இருக்கும் தன் அண்ணனிடம்தான் போனில். வண்டி மக்கர், திரும்பி வர்றோம் என்று இப்போதே சொல்லி வைக்கிறார்.

இன்னும் நாலு எட்டு வைத்தாள்.

அவர் கையில் போன் இல்லை.

"நல்லாருக்கீங்களா, தம்பி?"

எதிரே கருவேலம் புதரைத் தவிர யாரும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சரியாக வரவில்லை போல.

"லூர்து. நல்லாருக்கியாப்பா?"

அந்தப் பெயரை அவர் வாயில் அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

அதுவும் பிடிக்கவில்லை. காலால் ஒரு கல்லைத் தள்ளினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நல்லாருக்கீங்களா, மாப்..."

மிச்சம் உள்ளேயே போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் மேலே ஏறி வந்தாள். டேப்பைத் திறக்கக் கை போனது. பின்னால் இழுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அத்தை, நான் லூர்து பேசுறேன். வண்டி நின்னுருச்சாமே? எந்த எடம்னு சொல்லுங்க, மெக்கானிக்கோட வர்றேன்."

அத்தை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

"மாமா பக்கத்துல இருக்காரா அத்தை?"

அவர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். அவள் கையில் போனைப் பார்த்ததும் நின்றார்.

"யாரு?" என்றார். "யார்ட்ட என்ன சொல்ற?"

அவள் போனை நீட்டினாள்.

"ஒங்களுக்குத்தான்."

அவர் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தார். திருப்பித் திருப்பித் துடைத்தார். கைகளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

வாங்கிக் காதில் வைப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமா?"

அவர் தொண்டையைச் செருமினார்.