சக் கழன்ற நேரம்

சக் கழன்று உள்ளங்கையில் விழுந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது விழவேண்டும் என்றுதான் வாரக்கணக்கில் தலைகீழாக நின்று பார்த்தார். எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், தட்டினார், திட்டினார். டிரில்லிங் மெஷினில் துளைபோடும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புத் தலை இம்மியும் அசையவில்லை. இன்றைக்கென்று பார்த்து, ஆள் வருகிறானே, தூசியைத் தட்டி வைப்போம் என்று மரச்சுத்தியால் சும்மா ஒரு தட்டு தட்டியதற்கு, சமர்த்துப் பிள்ளையாகக் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வருகிற ஆள் மச்சினன். இந்தச் சக்கைக் கழற்றத்தான் வருகிறான்.

நேற்று அவரேதான் போன் செய்தார். சக் மாட்டிக்கொண்டுவிட்டது, வர முடியுமா என்பதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஷெட்டுக் கதவில் மனைவியின் தலை தெரிந்தது. சக் பிடித்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“தம்பி வந்தா வாசல்லயே பேசி அனுப்பிடாதீங்க. உள்ள கூப்பிடுங்க.”

தலையாட்டினார். காலையிலிருந்தே அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் ஓர் ஆப்பால் வந்த வினை. சக்கின் வால் மேலே போகப் போகச் சிறுத்திருக்கும். மெஷினின் தண்டுக்குள் ஏறிக் கவ்விக்கொள்ளும். கழற்றவேண்டும் என்றால் தண்டின் பக்கவாட்டுத் துளையில் ஒரு தட்டையான இரும்பு ஆப்பை நுழைத்துத் தட்டவேண்டும். கையளவு இரும்பு. அது ஒருநாள் காணாமல் போனது. கடைசியாக அதை வாங்கிப் பார்த்தவன் மச்சினன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த ஒரு மதியத்தில், எல்லார் காதிலும் விழும்படி, உனக்குக் கொஞ்சம் கை நீளம்தான் என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான், இந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு பெல்ட் மாற்றுவதற்காக மெஷினின் மேல்மூடியைத் திறந்தபோது ஆப்பு கிடைத்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று துணியில் சுற்றி அங்கே பத்திரப்படுத்தியவர் சாட்சாத் அவரேதான்.

கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுபடியும் துணியில் சுற்றி இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டார். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு அவள் கண் சிவந்து திரும்பும்போதெல்லாம் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெட்கம் கெட்டவனே என்று மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

சக் இறுகிக்கொண்டபோது அந்த ஆப்புக்கும் அது மசியவில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவனைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைத்ததே.

எதிரெதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொல்ல அவரால் ஆகாது. இரண்டு பேரும் மெஷினடியில் குனிந்து, கையெல்லாம் எண்ணெயாக, மூச்சு வாங்கத் தட்டிக்கொண்டிருக்கும்போது எப்படியாவது சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்குக் கொஞ்ச நேரமாவது வேண்டும். கழன்ற சக்கோடு நின்றால், வந்த வேலை முடிந்தது என்று அவன் வாசலோடு திரும்பிவிடுவான்.

தெருவில் பைக் வந்து நின்றது.

சட்டை நுனியால் சக்கின் வாலைத் துடைத்தார். தண்டுக்குள் சொருகினார். மரச்சுத்தியால் கீழிருந்து ஓங்கி இரண்டு போட்டார். அடுத்தவனைத் திருடன் என்று சொன்ன மனுஷன் செய்கிற வேலை இது. காது மடல் இரண்டும் சுட்டன.

மச்சினன் நேராக ஷெட்டுக்கே வந்தான். முன்பைவிட நரைத்திருந்தான். மாமா என்று ஒரு வார்த்தை சொன்னான், மெஷினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான், பையிலிருந்து சொந்த ஆப்பை எடுத்தான். அதன் முதுகில் அவன் பெயரின் முதலெழுத்து ஆழமாகக் குத்தப்பட்டிருந்தது. தன் பொருள் தன்னுடையதுதான் என்று இனி யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை அல்லவா. அந்த எழுத்தைப் பார்த்ததும் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மச்சினன் துளையில் ஆப்பை விட்டான். சக்கின் அடியில் இடது கையைக் கொடுத்துக்கொண்டு லேசாக ஒரு தட்டு தட்டினான்.

சக் முழுசாக அவன் கையில் இறங்கியது. தண்டுக்குள் அவர் துடைக்க மறந்த எண்ணெய் அவன் விரல்களில் வழிந்தது.

அவன் எண்ணெயைப் பார்த்தான். பிறகு அவர் கையில் இன்னும் பிடித்தபடி இருந்த மரச்சுத்தியைப் பார்த்தான். சற்றுமுன் கழன்று மறுபடி ஏற்றப்பட்ட சக் அது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மச்சினன் ஆப்பை உருவினான். சக்கின் வாலை மறுபடி தண்டுக்குள் ஏற்றி, உள்ளங்கையால் அழுத்தி இறுக்கினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகத்தை மெஷின் பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ரொம்ப இறுகிப்போயிருக்கு மாமா, இன்னிக்குப் பொழுது பூரா ஆகும். நீங்க மெதுவாச் சொல்லுங்க.”