பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

கோடை லீவுக்கு மலையேறப் போகிற கார் அது. கழுவித் துடைத்து, புது சீட் கவர் மாட்டி, மாலையும் போட்டாயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

"நல்ல நாளும் அதுவுமா ஏண்டி மூஞ்சியச் செவப்பாக்கிக்கிட்டு நிக்கிற? என்னைப் பாரு, எல்லாத்துக்கும் சரின்னு தலைய ஆட்டிக்கிட்டு இருக்கேன்" என்றது பக்கத்தில் இருந்த தலையாட்டி பொம்மை.

"நீ ஆட்டிக்கோக்கா. பாதி மலையில வண்டி கொதிச்சு நின்னா, கைப்புள்ளையோட வெயில்ல நிக்கப்போறது நம்ம கார்க்காரரோட சம்சாரம்தானே? தண்ணி ஊத்துற வரைக்கும் நான் அணைய மாட்டேன்."

அணையாத சிவப்பைப் பார்த்துக் கார்க்காரருக்கு எரிச்சல் வந்தது. ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை எடுத்து விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார்.

"இனிமே உன்னை யாரு பாப்பா?" என்று பொம்மை சிரித்தது.

விளக்குக்கு அழுகை முட்டியது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எரிந்தது.

குழந்தையோடு ஏறி உட்கார்ந்த மனைவி பதறிப்போனாள். "என்னங்க, பிள்ளையாருக்கு மூஞ்சியெல்லாம் செவக்குதே! எதையாவது மறந்துட்டீங்களா?"

கார்க்காரர் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் நிரம்பிய பிறகுதான் விளக்கு அணைந்தது.