குதிகால் பாடம்

"எல்லாப் பாடமும் தர்றேன் சார். குதிகால் மட்டும் தரமாட்டேன்."

பின்னல் டீச்சர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

கமா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வீடியோப் பாடங்களும் வெளியிடும் பதிப்பகத்தில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கையெழுத்துக்கு விடமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

"டீச்சர், இது ஆன்லைன் வகுப்பு. ஜனங்க பணம் கட்டிச் சேரப்போறாங்க. காலுறை பின்னச் சொல்லிக்குடுத்துட்டு குதிகாலை விட்டுட்டா எப்படி?"

"குழாய்தான் வரும்," என்றார் மூலையில் விளக்கைத் திருகிக்கொண்டிருந்த கேமராக்காரர். "யானைத் தும்பிக்கைக்கு மாட்டிவிடலாம்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"வேற கம்பெனிக்கு ஏதாவது வாக்குக் குடுத்திருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப ஒப்பந்தம் புரியலையோ என்னவோ. மறுபடி சொல்றேன்." கமா சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தனியுரிமைன்னா, ஒப்பந்தம் முடியற வரைக்கும் இந்தப் பாடங்களை நாங்க மட்டும்தான் வெளியிடலாம். நீங்களே ஆசைப்பட்டாலும் வேற எங்கேயும் போட முடியாது. திருத்தும் உரிமைன்னா, நாங்க வெட்டலாம், ஒட்டலாம், இன்னொரு மொழியில இன்னொருத்தர் குரலைப் போடலாம். முழுமைன்னா, பாடத்திட்டத்துல இருக்கற எதையும் நீங்க கைக்குள்ள மறைச்சு வெச்சுக்கக் கூடாது."

"பச்சப்புள்ளைக்குக்கூடப் புரியும், அப்படிச் சொல்றீங்க. யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பா வக்கீல்."

கமா சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"என் குரலை மாத்திக்குங்க," என்றார் டீச்சர். "மூஞ்சிய வெட்டிட்டுக் கையை மட்டும் காட்டுங்க. எந்த மொழியில வேணும்னாலும் போடுங்க. குதிகாலை மட்டும் விட்டுடுங்க சார்."

கமா சார் எழுந்துபோய்க் கேமராக்காரரின் காதருகே முணுமுணுத்தார். "பார்த்தியா? கஷ்டமான ஒண்ணை மட்டும் பதுக்கி வெச்சுக்கிட்டா, நாளைக்குத் தனியா வித்துக்கலாம். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

அப்போது டீச்சரின் கைப்பை கிணுகிணுத்தது.

போனை எடுத்துப் பெயரைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லு... குதிகாலா? மறுபடியும் மறந்துபோச்சா? சரி, கேளு. பாதி வரிசை வந்ததும் திரும்பு. கடைசிக் கண்ணியைப் பின்னாம விடு. அடுத்த வரிசையிலும் அப்படியே... ம்... ஆமா." குரல் தணிந்தது. "நூல் கெட்டியா இருக்கா? அந்த ஊர்க் குளிருக்குத் தாங்குமா? ரெட்டை இழையாப் போட்டுக்கோயேன்... சரி. சரி, வை."

அந்தப் பக்கம் வைத்த பிறகும் போன் கொஞ்ச நேரம் டீச்சரின் காதிலேயே இருந்தது.

கமா சாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. "ஓ! தனியா வகுப்பு நடத்தறீங்க. அதான்!"

"எம் பொண்ணு சார்."

"பொண்ணா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சே! வீடியோ எடுத்துட்டா அவங்களே பார்த்துக்குவாங்க. இப்படி ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"அதுக்குத்தான் சார் பயப்படறேன்."

விளக்கைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவ அவ்ளோ தூரம் போகக்கூடாதுன்னேன். போயே தீருவேன்னா. வாய்ல வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துடுச்சு. அவளும் மன்னிப்புக் கேக்கல, நானும் கேக்கல. ரோஷத்துல அம்மாவும் பொண்ணும் ஒரே அச்சு. ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் போன் வந்துச்சு. எப்படியிருக்கேன்னு கேக்கல. 'குதிகால் எப்படித் திருப்பணும்'னு கேட்டா. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு காலுறைக்கும் கேக்கறா."

"இத்தனை தடவை சொல்லியும் அவங்களுக்கு வரலையா?"

டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

"அவளா? பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே கண்ணை மூடிக்கிட்டுக் குதிகால் திருப்புவா சார். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும்." ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்த பையை மடியில் அணைத்துக்கொண்டார். "பாடம் வெளியில வந்துட்டா, என்ன சாக்குச் சொல்லி எனக்குப் போன் பண்ணுவா?"



கமா சார் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் திருப்பினார். பாடத்திட்டத்தில் 'காலுறை' என்றிருந்த வரியை முழுதாக அடித்துவிட்டார்.

"கையுறை தருவீங்களா டீச்சர்?"

"ரெண்டு விதமாத் தர்றேன் சார். தொப்பி வேணும்னாலும் தர்றேன்."

"காலுறைன்னு சொல்லி ஏமாத்தினாத்தான் தப்பு. காலுறையே கிடையாதுன்னா முழுமைக்குப் பழுதில்லை. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கேமராக்காரர் விளக்குகளை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கமா சார் தனியாக உட்கார்ந்திருந்தார். போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த ஓர் எண்ணை அழுத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு செருமல். "யாரு?"

"அப்பா, நான்தான். வேலையில ஒரு சந்தேகம்." கமா சார் மேசைமேல் இருந்த ஒப்பந்தத்தை மூடிவைத்தார். "தனியுரிமைன்னா என்னப்பா?"