கர்சர் நடுக்கம்

இறந்துபோன கிங்ஸ்டனின் கணினியில் கர்சர் மறுபடியும் தானாக அசைந்தது. ரீபா மௌஸைத் தொடக்கூட இல்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"ஷிபின், இங்கன வந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கியளே!"

டீம் லீடர் ஷிபின் எழுந்து வந்து பார்த்தான். அவனுக்கு இதெல்லாம் பேயாகத் தெரியவில்லை.

அது நிஜக் கணினிகூட இல்லை. அலுவலக சர்வருக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினி. அதன் படங்கள் ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் திரைக்கு வரவேண்டும் என்று தீர்மானிக்கும் டிரைவர் என்கிற மென்பொருளை எழுதிச் சோதிப்பதுதான் அந்த வண்ணார்பேட்டை அலுவலகத்தின் வேலை. படம் இம்மி பிந்தினாலும் திரை வெட்டி இழுக்கும். டிரைவரைப் பாதி எழுதிய நிலையில் ஆற்றில் குளிக்கப் போன கிங்ஸ்டன் உயிரோடு திரும்பவில்லை. மிச்ச வேலை ரீபா தலையில் விழுந்தது.

"டைமிங் கோளாறுதான், வேற என்ன?" என்றான் ஷிபின். "படம் பிந்தி வருது."

"பிந்தி வந்தா என் கை போன வழியிலதான வரணும்? இது நான் போவாத இடத்துக்குல்லா போவுது. அதுவும் நடுங்கி நடுங்கி!"

"சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா அந்த மெஷினையே அழிச்சிட்டுப் புதுசு போட்டுருவோம். அப்புறம் ரீபா, ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு இன்னும் கிங்ஸ்டன் வீட்லயே கெடக்கு. மத்தியானம் போய் வாங்கிட்டு வந்துரு."

படம் வரும் நேரத்தை ரீபா முன்னே தள்ளிப் பார்த்தாள், பின்னே இழுத்துப் பார்த்தாள். நடுக்கம் போகவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது நின்றுவிடுமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வருஷக்கணக்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வம்பளந்தவனை எப்படி அழிப்பது?

சமாதானபுரம் வீட்டில் கதவைத் திறந்தவர் கிங்ஸ்டனின் அப்பா பாக்கியசீலன். மகன் போன பிறகு ஆள் பாதியாகியிருந்தார். "வாம்மா" என்று உள்ளே கூட்டிப்போய், மேசைமுன் போட்டிருந்த நாற்காலியில் அவரே முதலில் உட்கார்ந்துகொண்டார்.

மேசையில் அந்த லேப்டாப் திறந்தபடி இருந்தது. திரையில், ரீபா சற்றுமுன் அலுவலகத்தில் விட்டுவந்த அதே சோதனை ஓடிக்கொண்டிருந்தது. கிங்ஸ்டன் வீட்டிலிருந்தே அந்த மெய்நிகர்க் கணினிக்குள் நுழைந்த லாகினை இத்தனை மாதமாக யாரும் மூடவே இல்லை. அவர் மௌஸைப் பிடித்தார். கை நடுங்கியது, கர்சரும் கூடவே நடுங்கியது.

ரீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேயுமில்லை, பிசாசுமில்லை. பாவம், ஒரு தகப்பன் விவரம் தெரியாமல் மகனுடைய மௌஸை உருட்டியிருக்கிறார். அதற்குப்போய் டிரைவரைக் குடைந்து அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"அங்கிள், இத ஆபீஸ்ல கேக்காங்க. எடுத்துட்டுப் போகட்டுமா? எப்படியும் இன்னைக்கு இந்த லாகின நிறுத்தப் போறோம்."

"வேண்டாம்மா." அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நிறுத்திராதிய."

"ஏன் அங்கிள்?"

"இந்த அம்பு தெனமும் காலையில தானா ஓட ஆரம்பிச்சிரும். நான் பைய ஒரு ஆட்டு ஆட்டுனா அப்படியே நிக்கும், பொறவு பதிலுக்கு ஆடும்" என்றார் பாக்கியசீலன். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஞாயித்துக்கிழம மட்டும் வரமாட்டான்மா, கோயிலுக்குப் போயிருவாம்லா."